வளை நெகிழ்ந்த பின்

சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்கும். தலைவன் பிரிந்து போகிறான். தலைவி மெலிகிறாள். தோள் வாடுகிறது, கையிலிருந்து வளை கழன்று விழுகிறது, ஊர் அதைப் பார்த்துப் பேசுகிறது. திருக்குறளின் காமத்துப்பாலிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. பசப்புறு பருவரல், உறுப்புநலன் அழிதல் என்று இதற்கென்றே அதிகாரங்கள் உண்டு. முதலில் பிரிவு, பிறகு மெலிவு.

எனக்கு அது தலைகீழாக நடந்தது. 2022 ஆகஸ்டில் என் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அந்த டிசம்பரில் கல்யாண வளையல்கள் தாமாகவே கழன்றன. பிரிவு அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் ஒரே கட்டிலில், அவர் பக்கத்தில் படுத்திருக்கும்போது.

உடல் எடைக் குறைப்பு பற்றித் தமிழில் எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் இரண்டு படங்களோடு முடிந்துவிடும். முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம். இரண்டாவது படத்தில் இருப்பவள் சட்டையைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதை யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 158 சென்டிமீட்டர். அறுவை சிகிச்சைக்கு முன் 126 கிலோ. இப்போது 68. நம் நாட்டு அளவுகோலில் உடல் நிறைக் குறியீட்டெண் 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 27.5-ஐத் தொட்டால் உடல் பருமன். என்னுடையது ஐம்பதுக்கு மேல் இருந்தது. இப்போது 27-ஐ ஒட்டி நிற்கிறது. அதாவது 58 கிலோ போன பிறகும் தாளில் நான் ‘அதிக எடை’தான். இதில் நான் தனி ஆளும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். இந்த ஆய்வுகளில் இனவாரியாகப் பார்த்தால் முன்னால் நிற்பது நாம்தான்.

எனக்குச் செய்தது ‘ஸ்லீவ்’ எனப்படும் சிகிச்சை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குக் குழாய் மாதிரி தைத்துவிடுவார்கள். வெட்டி எடுக்கும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஹார்மோன் அது. ஆகவே சாப்பிடும் இடம் மட்டும் சுருங்குவதில்லை, சாப்பிட வேண்டும் என்ற எண்ணமும் பல மாதங்களுக்குக் காணாமல் போகிறது.

மலேசியத் தமிழில் காலை உணவுக்குப் ‘பசியாறல்’ என்று பெயர். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் “பசியாறியாச்சா?” என்றுதான் கேட்போம். வணக்கம் சொல்வது மாதிரி. முதல் ஆறு மாதம் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆறுவதற்குப் பசியே இல்லை. இரண்டு கரண்டி கஞ்சி, மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். நான்காவது மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. அது திரும்ப வளரும் என்று சொல்லியிருந்தார்கள், வளர்ந்தது. வைட்டமின் மாத்திரை வாழ்நாள் முழுக்க, கர்ப்பம் தரிப்பதாக இருந்தால் ஒன்று ஒன்றரை வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். கையில் கொடுத்த கையேட்டில் எல்லாம் இருந்தது. படுக்கை பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடங்கள் விரிந்தே இருந்த தோலில் மீள்தன்மை போய்விடுகிறது. கொழுப்பு கரைந்தாலும் தோல் கூடவே சுருங்கி வருவதில்லை. அடிவயிற்றில் ஒரு மடிப்பாக இறங்கித் தொடைமேல் உட்காருகிறது. மேல்கையை நீட்டினால் அடியில் தொங்குகிறது. மார்பு, காற்று போன பலூன். குனிந்தால் எல்லாம் முன்னால் வருகிறது, மல்லாந்து படுத்தால் பக்கவாட்டில் வழிகிறது. புடவை கட்டினால் ஒன்றும் தெரியாது. கல்யாண வீடுகளில் “என்னா, சினிமா நடிகை மாதிரி ஆயிட்டே!” என்பார்கள். வீட்டுக்கு வந்து புடவையை அவிழ்த்தால் முப்பத்தாறு வயதில் அறுபது வயதுக்காரியின் உடம்பு கண்ணாடியில் நிற்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. உடம்பு இளைத்தாலும் மூளை இளைப்பதில்லை. பாசார் மாலாமில் இரண்டு கடைகளுக்கு நடுவே இன்றும் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கிறேன். கோப்பிக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டால் முதலில் அதன் கால்களைப் பார்க்கிறேன். கை கால் இழந்தவர்களுக்கு இல்லாத உறுப்பு வலிப்பது போல, இல்லாத கொழுப்பையும் உடல் சுமக்கிறது. அப்படியானால் படுக்கையில் அவர் கை வரும்போது அது எந்த உடம்பின் மேல் வருகிறது? 126 கிலோவின் மேலா, 68-இன் மேலா? எனக்கே நிச்சயமில்லை.

நாங்கள் இருப்பது சிம்பாங் பூலாய். ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்குப் போகும் சாலை பிரியும் இடம். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு டோல், அப்புறம் பக்கத்தில் வெள்ளையாகச் சீவப்பட்ட சுண்ணாம்பு மலைகள். என் கணவர் கல்லுடைக்கும் இடமொன்றில் லோரிகளுக்கு எடை போடுகிறார். காலியாக வரும்போது ஓர் எடை, கல் ஏற்றிப் போகும்போது ஓர் எடை. வித்தியாசத்துக்குத்தான் காசு. சாயங்காலம் முடியிலும் புருவத்திலும் வெள்ளைத் தூசியோடு வருவார். குளித்துவிட்டு வந்து என் வயிற்றில் தலை வைத்துப் படுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் எங்கள் பழக்கம். பேச்செல்லாம் அந்த நிலையில்தான் நடக்கும். வீட்டுக் கடன், அவர் தங்கையின் கல்யாணம், பிள்ளை இல்லாதது, எல்லாம். விளக்கை அணைத்த பிறகுதான் அவரைத் தொட விடுவேன் என்பதும் முதல் இரவிலிருந்தே இருந்த பழக்கம். ஆனால் இருட்டில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. அந்த உடம்பை எனக்குப் பிடிக்காமல் இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது எனக்குத் தெரியும்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. விடுப்பு முடிந்து திரும்பிய பிறகு முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன், முன்பெல்லாம் என்மேல் சாய்ந்து நின்றுதான் எழுத்துக் காட்டுவான், ஒருநாள் சாய்ந்து பார்த்துவிட்டு விலகினான். “டீச்சர், நீங்க இப்ப மெத்துனு இல்ல.” சிரித்துவிட்டேன். வீட்டில் இதையே சொல்ல ஒருவர் தைரியமில்லாமல் இருந்தார் என்பது அப்புறம்தான் புரிந்தது.

என் பாட்டிக்குத் தொண்ணூறு வயது. கோப்பேங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஜப்பான் காலத்தில் அவருக்கு எட்டு வயது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர். தோட்டத்திலிருந்து சயாம் ரயில் போடப் போன ஆண்களில் திரும்பி வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்த்தவர். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948-இல் அவசரகாலம். அரிசிக்குப் பங்கீடு. கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக்கூடப் பல இடங்களில் தடை இருந்தது. அப்படிப்பட்டவருக்குச் சதை என்றால் சேமிப்பு. என் அம்மாவை, என்னை, எல்லாரையும் அவர் ஊட்டி ஊட்டி வளர்த்தார். நான் குண்டாக இருந்தது அவர் கண்ணில் ஒரு வெற்றி. இளைத்த பிறகு முதல்முறை பார்த்தபோது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “என்னா தாயி, சயாமுக்குப் போய் வந்தவங்க மாதிரி ஆயிட்டே?” என்று அழுதார். கல்யாண வீட்டில் நடிகை, பாட்டி வீட்டில் சயாம் கைதி. இரண்டு பேரும் பார்த்தது ஒரே உடம்பைத்தான்.

மூன்றாவதாகப் பார்த்தவர் என் கணவர். அவர் எதுவும் சொல்லவில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

சிகிச்சை முடிந்து சில மாதம் ஆகியிருக்கும். இருட்டில் அவர் கை வந்தது. அடிவயிற்று மடிப்புக்கு வந்ததும் நின்றது. ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ. பிறகு மெல்ல விலகிப் போர்வையைச் சரி செய்தது. அந்த இரண்டு விநாடியை நான் ஒரு வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அருவருப்பு என்றுதான் படித்தேன். அதற்குப் பிறகு அவர் வயிற்றில் தலை வைக்க வரவில்லை. வைத்திருந்தாலும் விலா எலும்புதான் இடித்திருக்கும். முதுகுக்கு முதுகாகத் தூங்கப் பழகினோம். சண்டை இல்லை. “மருந்து சாப்பிட்டியாம்மா?” என்று தினமும் கேட்பார். “ம்.” அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையும் மாறியது. நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுப் பிரியர்கள். சனிக்கிழமை இரவு ஈப்போ வரை போய் ஒரே தட்டில் சாப்பிட்ட காலமெல்லாம் உண்டு. இப்போது நான் கால் தட்டோடு எழுந்துவிடுவேன், அவர் எதிரில் தனியாகச் சாப்பிட வேண்டும். அவரும் தொண்ணூற்றெட்டு கிலோ. கொஞ்ச நாளில் அவரும் கால் தட்டோடு எழ ஆரம்பித்தார். ஒருநாள் காடியைச் சுத்தம் செய்யும்போது இருக்கைக்கு அடியில் நாசி லெமாக் சுற்றிய காகிதங்கள் ஏழெட்டு கிடந்தன. ஒளிந்து சாப்பிட்டிருக்கிறார். வயது வந்ததிலிருந்து நான் செய்தது அது. கழிவறையில் பிஸ்கட், அலமாரிக்குள் முறுக்கு. வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை, வீட்டில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று அந்தக் காகிதங்களைப் பார்த்தபோது தோன்றியது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்று பிறகு தெரிந்தது. சுவீடனில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அந்தத் தரவுகளை வைத்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. துணையோடு இருந்தவர்களிடையே, சிகிச்சை செய்துகொள்ளாதவர்களைவிடச் செய்துகொண்டவர்கள் அதிகம் பிரிந்திருக்கிறார்கள். தனியாக இருந்தவர்களிடையே, செய்துகொண்டவர்கள் அதிகமாகத் துணை தேடிக்கொண்டிருக்கிறார்கள். எடை அதிகம் குறைந்தவர்களிடம் இந்த மாற்றமும் அதிகம். எல்லாரும் பிரிந்துவிடவில்லை, பெரும்பாலான ஜோடிகள் சேர்ந்தேதான் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் உடம்பிலிருந்து ஐம்பது கிலோ போகும்போது அந்த வீட்டில் இருந்த ஏதோ ஓர் ஒப்பந்தமும் சேர்ந்து போகிறது. பிரிவு சில நேரம் விடுதலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குண்டாக இருக்கிறாய் என்று சொல்லிச் சொல்லியே அடக்கி வைத்த புருஷனிடமிருந்து எழுந்து போகிறவளுக்கு அந்தப் புள்ளிவிவரம் சோகமில்லை.

ஆனால் என் வீட்டில் அப்படி அடக்கியவர் யாருமில்லை. அதனால்தான் குழப்பம்.

அந்த நாட்களில் காரைக்கால் அம்மையார் அடிக்கடி நினைவுக்கு வந்தார். மாம்பழக் கதை நம் எல்லாருக்கும் தெரியும். சேக்கிழார் சொல்வதை உடம்பின் கதையாகப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. மனைவி சாதாரணப் பெண் இல்லை என்று பயந்து பரமதத்தன் கப்பலேறிப் போகிறான். பாண்டிநாட்டில் இன்னொரு கல்யாணம். பிறக்கும் பெண்ணுக்குப் புனிதவதி என்று இவள் பெயரையே வைக்கிறான். தேடி வந்த மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். அப்போதுதான் அவள் கேட்கிறாள்: இவனுக்காகச் சுமந்த இந்தச் சதை இனி எனக்கு வேண்டாம். சதை உதிர்கிறது. பேயுருவம் வருகிறது. சோழர் காலத்துச் செப்புச் சிலைகளில் வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாகக் கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். முகத்தில் துயரம் இருக்காது.

நம் மரபில் மெலிவுக்கு எனக்குத் தெரிந்து இந்த இரண்டு பெரிய கதைகள்தான். அவன் போனதால் மெலிந்தவள் ஒருத்தி. அவன் வேண்டாம் என்று சதையை உதறியவள் இன்னொருத்தி. சதையை உதறிவிட்டு அதே வீட்டில், அதே ஆளோடு, அதே கட்டிலில் இருக்க விரும்புகிறவளுக்குக் கதை இல்லை. அவள் உடம்பைத் தொட அவனுக்கும் முன்மாதிரி இல்லை.

எங்களுக்கு வழி வந்தது காதலால் அல்ல, வேர்க்குருவால். ஓர் ஏப்ரல், மழையே இல்லாத வெக்கை. வயிற்று மடிப்புக்கு அடியில் வேர்வை தங்கித் தோல் சிவந்து, வெடித்து, நடக்கவே முடியாமல் எரிந்தது. கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். மடிப்பைத் தூக்கிப் பிடித்து, துடைத்து, காயவிட்டுப் போட வேண்டும். ஒரு கையால் முடிகிற வேலை இல்லை. இரண்டு நாள் தனியாக முயன்று பார்த்தேன். மூன்றாம் நாள் இரவு, “என்னாங்க, கொஞ்சம் வாங்களேன்” என்றேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு அந்த வேலையைச் செய்ய முடியாது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் என்னை வெளிச்சத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு கையால் தோலைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் பஞ்சை ஒற்றி ஒற்றி எடுத்தார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு வருஷம் படித்து வைத்திருந்த எதுவும் அந்த முகத்தில் இல்லை. எடைச் சீட்டில் எண் எழுதுகிறவரின் கவனம்தான் இருந்தது.

“அன்னிக்கு ஏன் கைய எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

“தையல் எங்க இருக்குன்னு தெரியல. பிரிஞ்சிடுமோன்னு பயம். அப்புறம்...” கொஞ்ச நேரம் களிம்பு மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். “வெறும் லோரி எவ்ளோன்னு தெரிஞ்சாதான் கல்லு எவ்ளோன்னு சொல்ல முடியும். ஒங்கிட்ட எது லோரி, எது கல்லுன்னு எனக்குத் தெரியலம்மா. நான் மொத்தத்தயும் நீன்னுதான் நெனச்சிருந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. நான் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறேன். சர்க்கரை குறைந்துவிட்டது. இரவில் மூச்சு அடைப்பதில்லை. இவரோ போன சதைக்குத் துக்கம் காக்கிறார். எனக்குக் கெடுதலாக இருந்த ஒன்றை இவர் நேசித்திருக்கிறார் என்றால், அந்த நேசத்தை என்ன செய்வது? அன்று இரவு இதையெல்லாம் அவரிடம் கேட்டேன். “ஒனக்கு நல்லதுன்னு தெரியும். இருந்தாலும் எனக்கு அந்த வயிறு இல்லாதது இல்லாததுதானே?” என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கோபமும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு பக்கத்தில் படுக்க முடிந்தது.

களிம்பு மூன்று வாரம் போட வேண்டியிருந்தது. மூன்று வாரமும் விளக்கு எரிந்தது. புண் ஆறிய பிறகும் சில நாள் அவர் கேட்காமலே வந்து பார்த்தார். எங்கே தொட்டால் கூசுகிறது, எங்கே மரத்துப்போயிருக்கிறது, வடுக்கள் எத்தனை என்று எனக்கே தெரியாதவை அவருக்குத் தெரிய வந்தன. தோல் மடிப்புக்கு அவர் ‘மிச்சம்’ என்று பெயர் வைத்தார். முதலில் கடுப்பாக இருந்தது, இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். படுக்கையில் பழைய முறை எதுவும் ஒத்துவரவில்லை. எலும்பு இடிக்கிறது, தோல் நசுங்குகிறது. இரண்டு பேரும் சிரித்துவிட்டு வேறு மாதிரி திரும்பிப் படுக்க வேண்டியிருக்கிறது. பத்து வருஷத்துக்கு அப்புறம் கற்றுக்கொள்வதற்கு ஏதோ இருக்கிறது என்பது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. நான் நல்லது என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்த மாதிரி சிகிச்சை செய்துகொள்ளப்போகும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், ஒன்றுதான் சொல்ல முடியும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது துணையையும் கூட்டிப் போங்கள். வைட்டமின் பட்டியலோடு தோலைப் பற்றியும், தையல் ஆறும் காலத்தைப் பற்றியும், எப்போதிலிருந்து தொடலாம் என்பதைப் பற்றியும் வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காமல் வந்தால், இருட்டில் ஒரு கை நிற்கும்போது அதன் அர்த்தத்தை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டிவரும்.

தோலை வெட்டித் தைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அதற்கான செலவைக் கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சம்பளத்தில் ஒரு வருஷம் சேர்த்தாலும் பத்தாது. செய்துகொள்வேனா என்று தெரியாது. சில நாள் குளித்துவிட்டு வரும்போது, நாளைக்கே செய்துகொள்ள வேண்டும் என்று இருக்கும். சில நாள் அது இருக்கிற ஞாபகமே இருக்காது. அவரைக் கேட்டால், “ஒன் தோலு, நீ முடிவு பண்ணு, காடி ஓட்டிட்டு வர்றதுக்கு நான் இருக்கேன்” என்கிறார். போன சனிக்கிழமை நாசி லெமாக் பொட்டலத்தை மேசையிலேயே வைத்துப் பிரித்தார். நான் இரண்டு வாய் எடுத்துக்கொண்டேன். முட்டையை எனக்குத் தள்ளிவிட்டு மீதியை அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.